மச்சாளின் அசேலியா

தம்பியின் மனைவி கொண்டுவந்த அந்தச் செடியை எனக்குக் கண்ட நாளிலேயே பிடிக்கவில்லை. செடி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அது சுன்னாகம் ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்கிய விதம்தான் பிடிக்கவில்லை. ஈரச் சாக்குச் சுற்றிய ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவள் முதலில் இறங்கினாள். பின்னால் அதே மாதிரி இன்னொரு தகரத்தோடு என் தம்பி. நுவரெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவன் அவன். லீவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு கையும் எனக்குக் கொண்டுவந்த சாமானால் நிறைந்திருக்கும். பேரிக்காய், லீக்ஸ், கோவா மாதிரி மலைநாட்டுக் காய்கறி, நல்ல தேயிலை. அன்று கையில் எனக்கென்று ஒன்றுமே இல்லை. தேயிலை கொண்டுவந்திருந்தான்தான். ஆனால் அதைப் பெட்டிக்குள்ளிருந்து மறுநாள்தான் எடுத்துத் தந்தான்.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி இழுத்து, சட்டைக்குப் பொத்தான் தைத்து, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். அவன் மலைநாட்டிலேயே பெண் பார்த்துக்கொண்டதை நான் கடிதத்தில்தான் அறிந்தேன். பெண்ணின் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆள்தான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர், ஆனால் ஊரில் அவருக்குக் காணியும் இல்லை, வீடும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். இவளுக்கு வீடில்லாதபடியால், தம்பிக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை கிடைத்ததும், என் சீதன வளவுக்குள் இருந்த சின்ன வீட்டை அவர்களுக்குக் கொடுத்தேன். இடையில் ஒரு கிடுகு வேலி, வேலியில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. கொடுத்தது நான் என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விடவில்லை.

இனி என் பூக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமையில் போகிற இடத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோயிலில் நற்கருணை மேசைமேல் இரண்டு பித்தளைச் சாடிகள் உண்டு. ஒன்பது வருடமாக அவற்றுக்குப் பூ என் வளவிலிருந்துதான் போயிற்று. ரோசா, செவ்வந்தி, லில்லி, ஒன்றும் இல்லாத கோடையில் குரோட்டன் இலையும் நந்தியாவட்டையும். என் கணவருக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, தம்பிக்குக் கச்சேரி இருந்தது, பிள்ளை குட்டி இல்லாத எனக்கு அந்த இரண்டு சாடிகள்தான் இருந்தன. சனிக்கிழமை பின்னேரம் பூக்கூடையோடு நான் ஒழுங்கையால் நடந்து போகும்போது, "நாளைக்கு என்ன பூவுங்கோ?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் சுற்றுப் பாதையால் போவேன்.

இரண்டு தகரத்தில் ஒன்றில் இருந்தது மரமாக வளருகிற சாதி. அதன் இங்கிலீசுப் பெயர் ரோடடென்ட்ரன் என்று அவள் சொன்னாள். எனக்கு அது வாயில் நுழையவில்லை. தோட்டத்துச் சனங்கள் அதைக் காட்டுப்பூவரசு என்பார்களாம்.

"பூவரசோ? எங்கடை வேலி முழுக்கப் பூவரசுதானே. ஆட்டுக்கு வெட்டிப் போடுறனாங்கள்" என்றேன்.

அவள் சிரித்தாள். அவளுக்கு நான் மச்சாள், எனக்கு அவள் மச்சாள். "உது வேறை மச்சாள். பூத்தா மலை முழுக்கச் சிவப்பாயிருக்கும். நீங்கள் ஒருக்கா வந்து பாக்கோணும்."

அந்தச் சிவப்பை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மரமாகும் என்று நம்பி அதை எங்கள் செம்மண்ணில் நட்டாள், ஒரு மாதத்தில் அது கருகிப் போயிற்று. எனக்கு மனதுக்குள் குளிர்ந்தது. வெளியே, "ஐயோ பாவம்" என்றேன்.

மற்றது அசேலியா. முழங்கால் உயரம், சின்னச் சின்ன இலை. அது மலையிலிருந்தே மொட்டோடு வந்திருந்தது. ஈஸ்டருக்கு இரண்டு கிழமைக்கு முன் அது பூக்கத் தொடங்கியது. நான் அதுவரை அப்படியொரு பூவைக் கண்டதில்லை. இலையே தெரியவில்லை. அடியிலிருந்து நுனி வரைக்கும் றோஸ் நிறம், ஒவ்வொரு பூவும் மெல்லிய பட்டுச் சீலைத் துண்டு மாதிரி. ஊர் முழுக்க வேலிப் பொட்டால் வந்து பார்த்துவிட்டுப் போனது. என் வளவுக்குள்ளால், என் ரோசாச் செடிகளைத் தாண்டித்தான் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போதகரின் மனைவியும் வந்தார். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்த ஈஸ்டருக்கு மேசையிலை இதைத் தகரத்தோடை வைப்பம், என்ன? நீங்கள் ஒரு வருஷமாவது ஆறி இருங்கோவன்" என்றார்.

ஆறி இருக்க விடும்படி நான் யாரையும் கேட்கவில்லை. "ஓம், அதுக்கென்ன" என்றேன். அந்த ஈஸ்டரில் பித்தளைச் சாடிகள் இரண்டும் அலுமாரிக்குள் இருந்தன. மேசை நடுவில், வெள்ளைத் துணி சுற்றிய தகரத்தில் அசேலியா நின்றது. எல்லோரும் எழுந்து பாடினார்கள், நான் வாயை அசைத்தேனே ஒழியச் சத்தம் வரவில்லை. வெட்டி எடுத்துப் போன என் லில்லிப் பூக்களை யன்னல் கட்டில் வைத்திருந்தார்கள். வெயிலில் அவை பத்து மணிக்கே தலையைப் போட்டுவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பகிடி விட்டார். "இஞ்சாரும், இண்டைக்குப் போதகற்றை பிரசங்கத்தைவிட உம்மடை முகம்தான் பெரிய பிரசங்கம்." நான் அவருக்குச் சோறு போடும்போது கரண்டியைக் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

பூ உதிர்ந்து இரண்டு மாதத்தில் அந்தச் செடி மஞ்சளிக்கத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, மிச்ச இலையெல்லாம் மஞ்சள். நான் தினமும் காலையில் வேலிப் பொட்டால் எட்டி அதைப் பார்ப்பேன். என் செடிகளுக்குத் தண்ணீர் விடுமுன் அதைத்தான் பார்ப்பேன். மஞ்சள் கூடியிருந்தால் அன்று முழுக்க எனக்கு வேலை லேசாக ஓடும்.

அவள் என்னிடம் யோசனை கேட்டு வந்தாள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அன்று நான் கொடுத்த யோசனையில் வஞ்சகம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பயிர் வாடினால் செய்வது எதுவோ அதைத்தான் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைக் காலையும் மாலையும் தாராளமாக ஊற்று, கிழமைக்கு ஒருதரம் அடுப்புச் சாம்பல் போடு. எங்கள் பங்குக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவனுக்கு வேறு தண்ணீர் வாய்க்கு வராது என்று ஊரில் பெயர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கத்தரிக்கும் ஆகிற தண்ணீரும் சாம்பலும் இந்த மலைநாட்டுச் சீமாட்டிக்கு ஆகாது என்று யாருக்குத் தெரியும்? அவள் சொன்னபடி செய்தாள். துலாவில் அள்ளுகிற எங்கள் முறை நாளில் அந்தத் தகரத்துக்குத்தான் முதல் வாளி. செடி இன்னும் மஞ்சளித்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கும் படர்ந்தது.

புரட்டாதியில் அவள் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். நோயாளிப் பிள்ளையை ஒப்படைப்பது போல அந்தத் தகரத்தை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், இதை அம்மா எனக்கு எங்கடை முத்தத்துச் செடியிலை இருந்து பதியம் வைச்சுத் தந்தவா. உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன். திரும்பி வர்றேக்கை..." என்று சொல்லி, தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்து, "வாறேக்கை உயிரோடை இருந்தாப் போதும்" என்றாள்.

"நீர் யோசியாமல் போட்டு வாரும். நான் பாக்கிறன்" என்றேன்.

வண்டி ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரைக்கும் கையைக் காட்டிவிட்டு, தகரத்தைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சமையல் குசினிக்குப் பின்னால் மாமரத்தடியில் போட்டேன். என் பங்குக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்புகூட இதற்கு இல்லை என்று தீர்மானித்தேன். கொல்லப் போகிறேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல வசதியாக ஓர் இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான். அடுத்த ஈஸ்டருக்கு மேசையில் என் பூ நிற்கவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு மாரி வந்தது. குசினிக் கூரையின் பனையோலையிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம்தான் விழுந்தது. மாவிலை உதிர்ந்து தகரத்தை மூடியது. தம்பிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தோட்டத்துப் பழக்கம் அவனை விடவில்லை, ஒரு நாளைக்கு நாலு முறை தேத்தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் மேலே ஆடை படரும் என்று, எங்கள் பெரிய வீட்டுக் கூரை விளிம்பின் தகரப் பீலியால் வருகிற மழைத் தண்ணீரைப் பெரிய பானைகளில் பிடித்து வைத்திருப்பேன். பருப்பு அவிக்கவும் அதுதான். குடித்து மிஞ்சியதையும் தேயிலைச் சக்கையையும் குசினிப் பின்கதவால் வீசி ஊற்றுவேன். எங்கே விழுகிறது என்று பார்த்தேனா என்றால், பார்த்தேன். அவளுடைய செடியின் மேல் சக்கை கொட்டுவதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. தையில் மழை விட்ட பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்து, ஈஸ்டருக்கு முதல் நாள் வருகிறாள் என்று கடிதம் வந்தது. செத்த செடியை முன்கூட்டியே எடுத்து முன்னால் வைத்தால்தான் நான் கவலைப்பட்டதாக நம்புவாள் என்று யோசித்து, ஒருநாள் காலையில் குசினிக்குப் பின்னால் போனேன்.

இலையெல்லாம் கரும்பச்சை. கிளைக்குக் கிளை மொட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? நாலு வாளி தண்ணீரும் சாம்பலும் போட்ட என் ரோசாவில் அந்த மாதம் மூன்றே மூன்று பூ. ஒரு மொட்டைக் கிள்ளினேன். இரண்டாவதையும் கிள்ளினேன். மூன்றாவதில் கையை வைத்தபோது தம்பி வாய் கழுவ வந்தவன் அங்கே நின்றான்.

"அக்கா!" என்று கத்தினான். "என்னக்கா செய்தனீங்கள்? அவள் செத்துப்போகும் எண்டெல்லோ அழுதுகொண்டு போனவள்! பழுதான மொட்டையும் நுள்ளி விடுறீங்கள்!"

நான் கையை எடுத்தேன். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோசம். பத்து வயதில் என்னைப் பார்த்த மாதிரிப் பார்த்தான். "என்னவோ பாத்தன்" என்றேன். அன்றே அவன் மனைவிக்குக் கடிதம் எழுதினான். கச்சேரியில் சொன்னான், கோயிலில் சொன்னான். சாகக் கிடந்த செடியைப் பிழைக்க வைத்த கைராசிக்காரி என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது.

காரணம் எனக்கு இரண்டு நாள் கழித்து, கேத்தலைச் சுரண்டும்போது விளங்கியது. கேத்தலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு. கை தவறிக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைத்த நாட்களின் மிச்சம் அது. அதே பொருக்கை நான் அந்தத் தகரத்து மண்ணில் கண்டிருக்கிறேன். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதில் ஊறிய தண்ணீர் அந்தச் செடிக்கு நஞ்சு. சாம்பல் அதைவிட நஞ்சு. மழைத் தண்ணீரும் மாவிலையும் தேயிலைச் சக்கையும்தான் அதைக் காப்பாற்றின. அவள் பாசத்தோடு ஊற்றியதெல்லாம் அதைக் கொன்றது, நான் பகையோடு வீசியதெல்லாம் அதை வளர்த்தது. கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியே சிரித்தேன்.

அந்த ஈஸ்டருக்கும் மேசையில் அசேலியாதான். ஆனால் இந்த முறை போதகர் ஆராதனை முடிவில் என்னைப் பார்த்து, செடியை வளர்த்த கைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். வெளியே மரநிழலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதல் நாள்தான் வந்து இறங்கிய மச்சாள், பிள்ளையை என் கையில் தந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய பூ, ஆனால் புகழ் என்னுடையது. எனக்கு அது தேன் குடித்தது போல இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

பின்னேரம் தகரத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகும்போது கேட்டாள். "என்ன மச்சாள் போட்டனீங்கள்? சொன்னா நானும் அப்பிடியே செய்வன்."

சொல்ல ஒரு நொடி போதும். மழைத் தண்ணீர் என்று ஒரு சொல். சொன்னால், குசினிக்குப் பின்னால் எறிந்த கதையும் வந்துவிடும் என்று பயந்தேன். அதுகூட முழுக் காரணம் இல்லை. அவள் கையில் அந்தச் செடி வருடா வருடம் பூத்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"புதிசா ஒண்டுமில்லை. உமக்குச் சொன்னதுதான். கிணத்துத் தண்ணி, சாம்பல். கொஞ்சம் கூடப் போட்டன்" என்றேன்.

"ஓம் மச்சாள்" என்று போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். சாம்பலைச் சல்லடையால் அரித்துப் போட்டாள். நான் வேலிப் பொட்டால் பார்த்துக்கொண்டிருந்தேன். வைகாசியில் மஞ்சள், ஆனியில் இலை உதிர்வு. போன வருடம் அந்த மஞ்சளைப் பார்த்து எனக்கு வந்த சுகம் இந்த வருடம் வரவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை, நான் அவர்கள் முற்றத்தில் நிற்கும்போதே, தம்பி கச்சேரிக்கு வெளிக்கிட்டுக்கொண்டு அந்தத் தகரத்தைப் பார்த்தான். வெறும் குச்சிகள். "அக்கா எவ்வளவு பாடுபட்டு வளத்துத் தந்தவா. உனக்கு அதை ஒரு அஞ்சு மாசம் வைச்சிருக்கத் தெரியேல்லை" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அவள் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் என்னைப் புகழ்ந்து அவளைத் திட்டவேண்டும் என்றுதான் நான் இரண்டு வருடமாக ஆசைப்பட்டேன். அது நடந்தபோது எனக்குக் கசந்தது. வீட்டுக்குப் போய், கடைசிப் பானையைச் சரித்து, அடியில் கிடந்ததில் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"இதை ஊத்திப் பாரும்."

"என்ன தண்ணி மச்சாள்?"

"மழைத் தண்ணி. இதுக்குக் கிணத்துத் தண்ணி ஆகாது, சாம்பலும் ஆகாது. எனக்கு ஈஸ்டருக்கு முந்தியே தெரியும்." தொடங்கியபடியால் மிச்சமும் வந்துவிட்டது. "நான் உம்மடை செடியைப் பாக்கேல்லை. குசினிக்குப் பின்னாலை சாகட்டும் எண்டு போட்டனான்."

அவள் செம்பை வாங்கித் தகரத்துக்குள் மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நின்றது.

"பாக்கேல்லை எண்டது எனக்குத் தெரியும் மச்சாள்" என்றாள். "ஈஸ்டரண்டு தகரத்தைத் தூக்கேக்கை உள்ளுக்குக் கையை விட்டுப் பாத்தனான். ஒரு சாணுக்குத் தேயிலைச் சக்கை. குப்பைக்குள்ளை கிடந்து தன்ரை பாட்டிலை தப்பினது எண்டு நினைச்சன். தண்ணியிலைதான் விசயம் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? இப்ப தம்பி ஏசேக்கையும் வாயைத் திறக்கேல்லையே?"

"கோயிலடியிலை எல்லாரும் உங்களைக் கொண்டாடேக்கை உங்கடை முகத்தைப் பாத்தன். நீங்கள் அப்பிடிச் சிரிச்சதை நான் ஒரு நாளும் காணேல்லை. அதைப் போய் ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

அவள் ஏசுவாள், அழுவாள், தாயின் செடியைக் கொன்றாய் என்று கத்துவாள் என்று நான் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஈஸ்டரன்றே கோயில் வாசலில் தகரத்தைக் கவிழ்த்துச் சக்கையை ஊருக்குக் காட்டியிருப்பேன். வெறும் செம்போடு நான் வீட்டுக்கு நடந்தேன். வெட்கமும் அழுகையும் பிறகு வந்தன. முதலில் வந்தது பொறாமைதான். என் பொய்யைத் தெரிந்தும், என் சந்தோசத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கு முடிந்தது, எனக்கு அது முடியாது. பூவின் மேல் வைத்த பொறாமை அந்தச் செடியோடு போய்விட்டது. இது மட்டும் இன்றைக்கும் போகவில்லை.